நூற்றியெட்டாவது ஆள்

பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம் ஆனது. இந்நேரத்துக்கு நூறில் ஐம்பது பேருக்கு முடிந்திருக்கும், வடிவு மீதி ஐம்பதில் இருக்கிறாள், அவ்வளவுதான், இதிலொன்றும் விசேஷமில்லை என்று ஆவுடையப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதிர்ச்சுவரில் நீல நிறப் பலகை. இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை, நூறில் ஐம்பது பேருக்கு மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்குள்ளும், தொண்ணூறு பேருக்கு நான்கு மணி ஐம்பத்தைந்து நிமிடத்துக்குள்ளும் நிறைவடைகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, எழுதியதே அவர்தான். பத்தொன்பது வருஷமாக இந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பதிவேட்டு அறையில், புள்ளிவிவரக்காரர் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவர். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நர்ஸுகளைப் பிடித்து நச்சரிக்கிறார்கள், அவர்களுக்கு ஏதாவது எழுதிப் போடுங்கள் என்று நிர்வாகம் சொன்னபோது, வேறு யாராவதாக இருந்தால் 'பொறுமை காக்கவும்' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். ஆவுடையப்பன் நான்கு வருஷத்துப் பதிவேடுகளை இறக்கி, தூசி தட்டி, ஆளுக்கொரு கோடு போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து, நூற்றிருபது வால்வு ஆபரேஷன்களையும் முப்பது முப்பது நிமிடப் பிரிவுகளாகப் பிரித்து, பிரிவுக்குப் பிரிவு ஆட்களைக் கூட்டிக்கொண்டே வந்து, நூறில் இத்தனை பேருக்கு இந்த நேரத்துக்குள் என்று சொல்லும் நூற்றுமானம் கண்டுபிடித்தார். சராசரி போட்டால் போதாதா என்று ஒரு டாக்டர் கேட்டார். போதாது. ஒரே ஒரு ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் இழுத்தால் சராசரி எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும், நூற்றுமானம் அசையாது. அசையாத எண்ணை நம்பித்தான் மனிதன் உட்கார முடியும். காலை எட்டுப் பத்துக்கு எதிரே உள்ள தியேட்டர் கதவு வழியாக மனைவி வடிவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எட்டுப் பத்தோடு மூன்று ஐம்பத்திரண்டைக் கூட்டினால் பன்னிரண்டு இரண்டு. சட்டைப்பையில் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த அவள் தாலியும் இரண்டு வளையலும் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தன.

"தம்பி, அந்த போர்டுல என்ன போட்டுருக்கு? கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். படிச்சிச் சொல்லுதியளா?" பக்கத்து நாற்காலி அம்மாள். காலையிலேயே பேர் சொல்லியிருந்தாள், ஜெபமணி, சாத்தான்குளம் பக்கம், வீட்டுக்காரருக்கு இது இரண்டாவது தடவை, பத்து வருஷத்துக்கு முன் வேறு ஊரில் வைத்த வால்வு கெட்டுப் போய்விட்டதாம். அந்தக் கதவுக்குப் பின்னால் இரண்டு தியேட்டர். அவள் கணவர் ஏழரைக்கே உள்ளே போய்விட்டார். ஆவுடையப்பன் படித்துக் காட்டினார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, எழுத்துக்கு எழுத்து. "அப்படின்னா எங்களுக்கு எத்தன மணிக்குத் தம்பி?" என்றாள். "பன்னெண்டு இருபத்தஞ்சுக்கா." கணக்கில் புலியாக இருப்பவனின் கோளாறு இது, கேட்ட மாத்திரத்தில் வாயில் விடை வந்து நிற்கும், கேட்டவர் அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்ற யோசனை மட்டும் வராது. ஜெபமணி அம்மாள் சுவர்க்கடிகாரத்தின் பக்கம் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டாள். கடிகாரம் பெரியது, அதற்குக் கண்ணாடி வேண்டாம். "எந்தப் புண்ணியவான் எழுதி வச்சானோ, நல்லா இருக்கட்டும். இல்லன்னா யாருட்டப் போய்க் கேக்க?" என்றாள். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் மறைப்பானேன்.

பன்னிரண்டு இருபத்தைந்து வந்தது, போனது. கதவு அசையவில்லை. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள், கேட்காமலேயே இவர் பதில் சொன்னார்: "நூறுல பத்துப் பேருக்கு அதத் தாண்டும்க்கா." "தாண்டுனா?" என்றாள் ஜெபமணி. இந்தக் கேள்வி முன்பே ஒருதரம் அவரிடம் வந்திருக்கிறது. கயத்தாறிலிருந்து வந்த ஒருத்தர், வெள்ளை வேட்டி, கையில் கட்டாமல் உள்ளங்கையில் பிடித்த வாட்ச்சு, போன வருஷம் ஆடி மாதம், மாடியிலிருந்து இறங்கிப் பதிவேட்டு அறையைத் தேடிக் கண்டுபிடித்து வந்து நின்றார். சார், போர்டுல உள்ள நேரம் ஆயிருச்சு சார். ஆவுடையப்பனுக்குத் தலைக்கு மேல் வேலை, இருந்தும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பென்சிலை எடுத்து, அட்டவணையை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டி விளக்கினார், பாருங்க அண்ணாச்சி, தொண்ணூறாவது நூற்றுமானம்னா மேல பத்துப் பேர் இருக்கத்தான் செய்வாங்க, அதுல தப்பே இல்ல. தாண்டுனா என்ன சார் அர்த்தம்? தாண்டுனா அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தர்னு அர்த்தம். அந்த மனிதர் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஆவுடையப்பன் தண்ணீர் குடிக்கப் போனபோது அந்த ஆள் மாடிப்படியின் அடியில் வேட்டியெல்லாம் நனைய வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். ஆடி மாதம் வெயில். அந்த ஆளின் வீட்டம்மாள் பிழைத்து நடந்து போனாள், கோப்பு ஆவுடையப்பன் கையில்தான் மூடப்பட்டது, ஆகவே நடந்தது எதுவும் நஷ்டமில்லை என்று அப்போது தோன்றியது. இப்போது ஜெபமணிக்கு ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

பன்னிரண்டு முப்பத்து மூன்றில் நூறுக்கு எழுபத்தைந்து போயிற்று. அதன்பின் பன்னிரண்டு முப்பத்தொன்பதரை. நாற்பது இல்லை, முப்பத்தொன்பதரை. இருநூற்றெழுபது முதல் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது நிமிடம் வரை என்று பிரிவு எழுதினால், கணக்கில் அதன் கீழ் எல்லை இருநூற்றறுபத்தொன்பதரை, எட்டுப் பத்தோடு அதைக் கூட்டினால் வருவது இது. அந்த அரையைக் கழிக்க மறப்பவன் புள்ளியியல் படித்தவனே இல்லை என்பது ஆவுடையப்பனின் கட்சி, அதற்காக வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வந்த இரண்டு பேரை அழ வைத்திருக்கிறார். இந்தப் பிரிவில் பதினான்கு பேர். முப்பது நிமிடத்தில் பதினான்கு பேரும் சமமாகப் பரவி உட்கார்ந்திருப்பதாகக் கொள்க என்பது சூத்திரம். கொண்டார். ஆளுக்கு இரண்டு நிமிடம் எட்டு வினாடி. கடிகாரத்தின் முள் நகர நகர அவர் ஒவ்வொருத்தரையாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். இவர் ஒருத்தர், இவர் ஒருத்தர். உண்மையில் யாரும் அப்படிச் சமமாக உட்கார மாட்டார்கள், ஒரே இடத்தில் ஆறு பேர் நெருக்கியிருப்பார்கள், பிறகு பத்து நிமிடத்துக்கு ஆளே இருக்க மாட்டார்கள், ஆனால் கோடு போட்டு முடித்த பிறகு அது யாருக்குத் தெரியும், கோட்டுக்கு முகமா இருக்கிறது. வடிவு இந்தப் பிரிவில் வரக்கூடிய ஆளே இல்லை. அவள் எதிலும் நடுவில் நிற்பவள். பள்ளிக்கூடத்தில் நடு மார்க்கு, மூன்று பெண்களில் நடுப்பெண், பஸ்ஸில் நடு சீட்டு, கத்திரிக்காய் வாங்கினால் குவியலுக்கு நடுவில் கையை விட்டு எடுப்பாள். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார், நீ அம்பதாவது நூற்றுமானம்டீ என்று. நேற்றுச் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டே சொன்னாள், "ஏங்க, எல்லாம் சொல்லுங்க, நூத்துக்கு எத்தன பேரு பொழைக்காவன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிராதீங்க." சொல்லவில்லை. வேறு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டு மாடிப்படி பன்னிரண்டு. இரண்டு வருஷமாகவே ஏறும்போது இடையில் நின்று சேலைக் கொசுவத்தைச் சரி செய்வாள். முதலில் ஏழாவது, அப்புறம் ஐந்தாவது, இந்தச் சித்திரையில் மூன்றாவது. எண்ணியிருக்கிறார். ஏழு, ஐந்து, மூன்று என்று இறங்கு வரிசை மனசில் பதிந்தே இருக்கிறது. ஏன் நிற்கிறாய் என்று ஒருநாளாவது கேட்டாரா என்றால், இல்லை. கொசுவம் என்று நினைத்தார். எண்ணத் தெரிந்த மனுஷனுக்குக் கேட்கத் தெரியவில்லை. காப்பியைக் குடித்தார், அது ஆறிப் போயிருந்தது.

ஒன்று ஐந்து. நூற்றிருபதில் தொண்ணூறு சதவீதம் நூற்றியெட்டு. நூற்றியெட்டாவது ஆளை இப்போது தாண்டியாயிற்று. அட்டவணை போட்ட அன்று இந்த எண் வந்ததும் சிரித்தார், அர்ச்சனைக்கும் நூற்றியெட்டு, ஆம்புலன்ஸுக்கும் நூற்றியெட்டு, நமக்கும் அதே வாய்த்ததே என்று. அந்த நூற்றியெட்டாவது ஆள் யார்? ஆணா பெண்ணா? அவருக்காக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்? கோவையிலிருந்து மகள் மதிவதனி போன் செய்தாள், பரீட்சை முடிந்த கையோடு ஓடி வந்து பேசுகிறாள், மூச்சு வாங்குகிறது. "அப்பா, முடிஞ்சிருச்சா?" "இன்னும் இல்லம்மா." "எவ்ளோ நேரம் ஆகும்னு நீங்கதான போர்டே போட்டீங்க?" "ஆகும்மா, கொஞ்சம் ஆகும்." கொஞ்சம். இந்தச் சொல்லை அவர் பத்தொன்பது வருஷத்தில் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. ஒன்று பத்துக்கு அரை நிமிடம் இருக்கும்போது கடைசிப் பிரிவு தொடங்கியது. முந்நூறும் அதற்கு மேலும். மேல் எல்லை இல்லாத பிரிவு அது, திறந்த பிரிவு என்பார்கள், நூற்றுமானத்துக்கு மேல் எல்லை தேவைப்படாது என்பதால் அதை மூட அவர் மெனக்கெடவில்லை. பத்துப் பேர். கோட்டுக்கு முகமில்லை என்றாலும் இந்தப் பத்தில் மூன்று பேரை அவருக்குத் தெரியும், மூன்று கோப்பின் மேலும் 'இறப்பு' என்ற சிவப்பு மை முத்திரையை அவரே குத்தினார், குத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார், ஒருநாள் அவியல், வடிவு கொடுத்துவிட்டது, நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. பத்தில் மூன்று. நூறுக்கு முப்பது. அவர் அந்தக் கணக்கைப் போட விரும்பவில்லை, அது தானாகப் போட்டுக்கொண்டது. பயம், வேறொன்றுமில்லை. நல்ல பயம்.

"குளிரும்லா" என்றாள் ஜெபமணி. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை, கதவைப் பார்த்துத்தான் பேசினாள். "போன தடவ இவியளுக்குச் செஞ்சப்போ, எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்பொறம் சொன்னாவ. உள்ள கொண்டு போயி ஒரு மணி நேரம் ஒண்ணுமே செய்யலியாம். கையில ஊசியக் குத்துதாவளாம், வயரு மாட்டுதாவளாம், தொடைக்காவளாம், இவிய மேல உள்ள வௌக்க எண்ணிட்டே கெடந்தாவளாம். குளிரு தாங்கலட்டின்னு சொன்னாவ. அதுக்குப் பொறவுதான் மயக்கமே குடுத்தாவளாம். அத நெனச்சாத்தான் தம்பி எனக்கு." ஆவுடையப்பன் ஆமாக்கா என்றார். ஒரு மணி நேரம். ஆமாக்கா என்று மறுபடியும் சொன்னார். பிறகு வாய் அப்படியே நின்றுவிட்டது. தியேட்டர்ப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள். உள்ளே வந்த நேரம், மயக்கம் கொடுத்த நேரம், கத்தி வைத்த நேரம், தையல் முடிந்த நேரம், வெளியே அனுப்பிய நேரம். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பாதிப் பக்கங்களில் காலியாகக் கிடக்கும், நர்ஸுகளுக்கு அதை நிரப்ப ஏது பொழுது. மூன்றாவதும் நான்காவதும் ஒரு பக்கத்தில்கூட விடுபட்டிருக்காது, அது சட்டம். காலியான கட்டத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. நிரம்பிய இரண்டு கட்டங்களை எடுத்தார், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார், நூற்றிருபது பேருக்கும் கழித்தார். கத்தி வைத்ததிலிருந்து தையல் முடியும்வரை. அதைக் கொண்டுவந்து, கதவு சாத்தியதிலிருந்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் முகத்துக்கு நேரே மாட்டினார். அரை நிமிடத்தை ஞாபகமாகக் கழித்த மகாராசன் ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டுவிட்டான்.

ஒன்று இருபது. அவருக்குச் சிரிப்பு வந்தது, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார், உள்ளே வளையல் பல்லில் பட்டது. எட்டுப் பத்துக்கு உள்ளே போனவளுக்கு ஒன்பது பத்துக்குத்தான் கத்தி வைத்திருப்பார்கள். இருநூற்றைம்பது நிமிடம் ஆகிறது. வடிவு கடைசிப் பிரிவில் இல்லை. அதற்கு முந்தியதிலும் இல்லை. இருபத்தாறு பேர் இருக்கிற பிரிவில், ஜனத்தோடு ஜனமாக, சேலையைச் சரி செய்துகொண்டு நிற்கிறாள். உடம்பு முழுக்க வியர்த்து, உடனே குளிர்ந்து, பசிக்கக்கூடச் செய்தது. அப்புறம் மெல்ல மற்றது வந்தது. போர்டு மாட்டி இரண்டு வருஷம். மாதத்துக்கு இரண்டு வால்வு என்றால்கூட எத்தனை பேர் இந்த நாற்காலியில் அந்த நேரம் கடந்தபின் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அந்தப் பத்துப் பேரோடு உட்கார்ந்திருப்பார்கள், ஒரு காரணமும் இல்லாமல். கயத்தாறு அண்ணாச்சி. வெயிலாவது மண்ணாவது. பென்சிலை வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கமல்லவா சொன்னோம். காது சுட்டது. பக்கத்தில் இந்த அம்மாள், ஆறின காப்பியைப் பிடித்தபடி, பன்னிரண்டு இருபத்தைந்திலிருந்து. சொல்ல வேண்டும், இப்போதே திரும்பி, அக்கா அந்த நேரம் தப்பு, ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்க என்று சொன்னால் முடிந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். நான் இந்த ஆஸ்பத்திரிதான் என்று சொல்ல வேண்டும். அப்படியா, அப்ப எழுதுன புண்ணியவான் யாரு என்பாள். அப்போது அந்தப் பேச்சைக் கேட்டு உள்ளூரக் குளிர்ந்தவன் இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வான். வடிவு வெளியே வரட்டும், வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம். வடிவு வருவதற்குமுன் சொல்லி, கண்பட்டதுபோல் ஏதாவது ஆகிவிட்டால்? இது என்ன புள்ளியியல் என்று தன்னையே திட்டினார். திட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. ஒன்று முப்பது ஆயிற்று. ஒன்று நாற்பது. ஜெபமணி அம்மாளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஜெபம். இடையில் ஒருமுறை, "பத்துப் பேருன்னு சொன்னியளே தம்பி, அவியள்லாம் நல்லா இருக்காவளா?" என்றாள். "இருக்காங்கக்கா" என்றார் ஆவுடையப்பன். பத்தில் ஏழு என்பதும் இருக்காங்க தானே.

இரண்டு மணி இரண்டு நிமிடத்துக்குக் கதவு திறந்தது. நாற்காலிகள் எல்லாம் எழுந்து நின்றன என்றுதான் சொல்ல வேண்டும், எழுந்தது இரண்டு பேர்தான். சிஸ்டர் ரோஸ்லின், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, நேராக இவரைப் பார்த்து வந்தாள். "சார், அக்காவுக்கு நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஐசியூவுக்கு மாத்திட்டோம். மூணு மணிக்கு மேல வந்து பாக்கலாம்." ஆவுடையப்பனுக்குக் கும்பிடத் தோன்றியது, நன்றி சொல்லத் தோன்றியது, வாயில் வந்ததோ வேறு. "கத்தி எப்ப வச்சாங்க சிஸ்டர்?" ரோஸ்லின் சிரித்துவிட்டாள். "ஒங்களத் திருத்தவே முடியாது சார். ஒம்பது பத்து. தையல் முடிச்சது ஒண்ணு இருபத்தெட்டு." இருநூற்றைம்பத்தெட்டு நிமிடம். நூறுக்கு எழுபத்திரண்டு. நடுவிலிருந்து நாலு தெரு தள்ளித்தான், ஆனாலும் நம் ஊருக்குள்தான் இருக்கிறாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, வரட்டும் என்று விட்டார். "சிஸ்டர், எங்க வீட்டுல?" என்றாள் ஜெபமணி. "இன்னும் நடக்குதும்மா" என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"நல்லதாப் போச்சு தம்பி. கர்த்தர் நல்லவரு" என்றாள் ஜெபமணி. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் பக்கம் திரும்பி நின்றார். "அக்கா, அந்த போர்ட எழுதுனது நான்தான். இந்த ஆஸ்பத்திரியிலதான் வேல பாக்கேன். தப்பா எழுதிட்டேன்க்கா. அது கத்தி வச்ச நேரத்துலேருந்து எண்ண வேண்டியது. கதவுலேருந்து இல்ல. ஒரு மணி நேரம் கூட்டிக்கிடணும். தச்சு முடிச்சப்பொறம் வெளிய வந்து சொல்ல இன்னும் அரை மணி ஆகும், அதையும் கூட்டிக்கிடணும்." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவர் பார்த்தார். "அப்ப இன்னும் நேரம் இருக்கா தம்பி எங்களுக்கு?" ஏழரையோடு ஒரு மணி நேரம், எட்டரை. அதோடு நான்கு மணி ஐம்பத்தைந்து நிமிடம், ஒன்று இருபத்தைந்து. அதற்குமேல், தையல் முடிந்து வடிவின் சேதி வெளியே வர ஆன முப்பத்து நான்கு நிமிடம், ஒன்று ஐம்பத்தொன்பது. கடிகாரத்தில் இரண்டு ஐந்து. கேட்ட மாத்திரத்தில் விடை வாயில் வந்து நின்றது. முதல் முறையாக அதை விழுங்கினார். "தெரியலக்கா" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, கண்ணாடி இல்லாதவர்கள் உற்றுப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"இது தப்புன்னு ஒங்களுக்கு எப்பத் தம்பி தெரிஞ்சுது?"

எந்தப் பிரிவுக்குள்ளும் அடங்காத இந்த ஒரு எண் நிமிடம் பிசகாமல் அவரிடம் இருந்தது. மாற்றிச் சொல்ல நா வரவில்லை.

"ஒண்ணு இருபதுக்குக்கா."

ஜெபமணி அம்மாள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் இருந்த கையை எடுத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, ஐந்து ஐந்தாக எண்ணினாள். நாற்பத்தைந்து நிமிடம் என்றாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.